பவளப் பாம்பும் பாட்டு விதியும்

செய்யுளாகச் சொன்ன விதி சிறார் மனத்தில் எளிதில் நிற்கும். முப்பதாண்டு வகுப்பறையில் யான் கண்ட உண்மை இது. ஆயினும் விதி கூறும் ஆசிரியன் அவ்விதி செல்லாத இடத்தையும் கூறல்வேண்டும். அதனைப் புறனடை என்பர். புறனடையை மறந்த மாணாக்கன் இழப்பது இரண்டொரு புள்ளிகளே. தென்னமெரிக்கக் காட்டிலோ அவன் உயிரையே இழத்தல் கூடும்.

சிவப்பு, கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள் வளையங்கள் சூழப் பவள மாலைபோற் கிடக்கும் சிற்றரவம் பவளப் பாம்பு. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே இதுபற்றி ஒரு பாட்டு வழங்குகின்றது. சிவப்பு மஞ்சளைத் தொட்டால் நஞ்சுடையது; கறுப்பைத் தொட்டால் நஞ்சற்றது என்பது அதன் கருத்து. அந்நாட்டில் அது பெரும்பாலும் பொருந்தும்.

இனி, பிறேசில், கயானா, பெரு முதலிய நாடுகளில் வாழும் ஓரினத்தை நோக்குவோம். சுவீடன் நாட்டறிஞர் இலின்னேயசு 1758 இல் இதனை நூலிற் பதிந்தார். இன்று இதன் பெயர் மைக்குறூரசு லெம்னிசுக்காற்றசு. முற்சொல் கிரேக்கம்; சிறுவாலுடையது என்பது பொருள். பிற்சொல் இலத்தீன்; நாடா அணிந்தது என்பது பொருள். இதன் இரு சிவப்பு வளையங்களுக்கிடையே கறுப்பு வளையங்கள் மூன்றும், அவற்றைப் பிரிக்கும் வெளிறிய வளையங்கள் இரண்டும் உள. ஆகவே சிவப்பைத் தொடுவது கறுப்பே! வட அமெரிக்கப் பாட்டை நம்பியவன் இதனைச் சாதுவென்று கையிலெடுப்பான்.

கறுப்பு வளையங்களை எண்ணித் துணியலாமே எனின், அதுவும் முற்றும் உதவாது. பொய்ப் பவளப் பாம்புகளுள் ஒருவகைக்கு அவை இரண்டிரண்டாக அமையும். வேறொரு வகைக்கு மும்மூன்றாகவே அமையும். அமேசன் பகுதியிலே சிவப்பு நிறமே இல்லாத மெய்ப் பவளப் பாம்பும் உண்டு. கற்றறிந்தோர் முகச் செதில்களையும், வாயின் முன்புறத்தே நிலைத்து நிற்கும் நச்சுப் பற்களையும் ஆராய்ந்தே துணிவர். உயிருள்ள பாம்பில் இவற்றை ஆராய்தல் வழிப்போக்கர் தொழிலன்று.

நம் நாட்டு நாகமும் கட்டுவிரியனும் இதன் குடும்பத்தனவே. கடிவாயில் வீக்கம் பெரிதாகத் தோன்றாமையால், கடியுண்டவன் தப்பினேன் என மயங்கலாம். பின்னர் இமை சோரும், நாக் குழறும், ஈற்றில் மூச்சுத் தசைகளும் அடங்கும். சாவோ பாலோ நகரில் 1901 இல் நிறுவப்பெற்ற புத்தந்தான் நிலையம் குதிரைக் குருதியினின்றும் இதற்கு விடமுறி மருந்து ஆக்குகின்றது. அந்நாட்டு விரியன் கடிக்குரிய மருந்து இதற்குப் பயன்படாது. எனவே, கடித்தது எதுவெனத் தெரிதல் மருத்துவர்க்கும் இன்றியமையாதது.

பிறேசிலின் பாம்புக்கடிகளுள் இதன் பங்கு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. தொல்லை செய்யாதவிடத்து இது மண்ணிலும் சருகிலும் மறைந்தே வாழும். வளையமணிந்த அரவம் எதுவாயினும் கைதொடாது விலகுக என்பதே அங்குப் புறனடை வேண்டாத விதியாகும்.