அரிப்பும் தடிப்பும்: வரப்பில் இருந்த காரணம்

வங்கி வேலையில் ஓய்வு பெற்று, செக்கானூரணி பக்கம் மூணு ஏக்கரில் இயற்கை விவசாயம் தொடங்கிய நாலாவது வருஷம். பழங்காநத்தத்தில் வீடு, காலையில் தோட்டத்துக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். ஐப்பசி மழை முடிந்த கையோடு கழுத்து, முழங்கை மடிப்பு, கண் இமை எல்லாம் சின்னச் சின்னதாகத் தடித்து, தூங்க விடாமல் அரித்தது.

வீட்டில் முதல் பழி கத்தரிக்காய் மேல் விழுந்தது, அடுத்தது கருவாடு. உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குப்பைமேனியை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசினேன். சொறிந்து புண்ணான இடத்தில் உப்புப் பட்டு உயிர் போனது. கடையில் கொடுத்த களிம்புக்கு நாலு நாள் அடங்கும், நிறுத்தினால் பழையபடி வரும்.

பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் தேதி போட்டு, சாப்பிட்டது, செய்த வேலை, அரிப்பு மூன்றையும் குறித்து வந்தேன். மூணு வாரத்தில் பிடிபட்டது. கொய்யாவுக்கு மூடாக்குப் போடக் களை பிடுங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தடிப்பு வந்திருக்கிறது. களையெடுக்க வரும் அக்காவிடம் சொன்னேன். "பார்த்தீனியத்த வெறுங்கையிலயா பிடுங்குனீக சார்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். தோல் மருத்துவரும் அதையே சொன்னார்.

1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி இது. அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். இதிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் ஒவ்வாமை தருகிறது. பல வருஷம் தொட்டும் ஒன்றும் ஆகாதவருக்குத் திடீரென ஒருநாள் ஆரம்பிக்கும். காய்ந்த தூள் காற்றில் பறந்து வந்து பட்டாலும் போதும். கண் இமையில் வந்ததற்குக் காரணம் அதுதான். இதே குடும்பத்துச் சாமந்தியும் சிலருக்கு ஆகாது.

இப்போது நான் செய்வது இதுதான். செடி மேலே பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவைக்கிறேன். அரித்தால் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி, தோல் காய்ந்தால் தேங்காய் எண்ணெய். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் குளிப்பது எனக்கு இதமாக இருக்கிறது. ஆனால் செடியைத் தொட்டுக்கொண்டே குளித்தால் பலன் இல்லை.

எல்லா அரிப்பும் பார்த்தீனியம் அல்ல. விரல் இடுக்கில் வந்து, ராத்திரியில் அதிகமாகி, வீட்டில் நாலு பேருக்கும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்குக் கைவைத்தியம் பார்த்து நாள் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் காட்டி, வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஓடுங்கள். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு களிம்பைக் கேட்காமல் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும்.

பார்த்தீனியத்தை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்னே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்குகிறோம். பூத்துவிட்டால் ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை. உப்புக் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள்; மண்ணை நினைத்து நான் அதைச் செய்வதில்லை. இந்த ஆடியில் வரப்பு நெடுக தகரை விதை தூவியிருக்கிறேன். அது அடர்த்தியாக வளர்ந்த இடத்தில் பார்த்தீனியம் குறைவாகத்தான் முளைத்திருக்கிறது.