மின்விசை மூடி

விளக்கை ஏற்றவும் அணைக்கவும் நாம் நாள்தோறும் தொடும் கருவி, சுவிட்சு எனப்படும் மின்விசை. அதைச் சூழ்ந்து சுவரோடு ஒட்டியிருக்கும் மூடியை நாம் உற்று நோக்குவதில்லை. ஆயினும், சுவரின் உள்ளே ஓடும் கம்பிகளுக்கும் நம் விரலுக்கும் இடையே காவல் நிற்பது அம்மூடியே ஆகும். அதனைத் தம் கையாலேயே அழகுறச் செய்துகொள்ளும் வழக்கம் அமெரிக்க நாட்டில் உண்டு. அங்குப் பல வீடுகளில் மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையே பட்டறையாகவும் விளங்குகிறது. கூடத்துச் சுவரில் பொருந்தாத முரட்டு அழகு அங்கே நன்கு பொருந்தும்.

மின்விசைக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. தொடுமுனைகள் மெல்லப் பிரியுமாயின் இடையே தீப்பொறி பாய்ந்து அவற்றைக் கருக்கிவிடும். வில்லின் விசையால் அவற்றை நொடியிற் பிரிக்கும் முறையை, இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தவராகிய ஜான் ஹென்றி ஹோம்சு 1884-இல் கண்டார். முற்காலத்தில் பித்தளை மூடிகள் பெரிதும் வழங்கின. பெல்சிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பேக்கலாந்து என்னும் வேதியியலறிஞர், 1907-இல் பேக்கலைட்டு என்னும் செயற்கைப் பொருளை ஆக்கினார். அது மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தால் இளகாது. மூடிக்கு இதனினும் தக்க பொருள் அந்நாளில் வேறு யாது?

கொட்டகைக்கு மூடி செய்வோர் பலர் விரும்பி எடுப்பது, வண்டியின் காலங்கடந்த பழைய எண்தகடு. அதன் நீளம் 12 அங்குலம், அகலம் 6 அங்குலம். 1956-இல் அமெரிக்க மாநிலங்கள் இவ்வளவிற்கு இசைந்தன. வயோமிங் மாநிலத்துத் தகட்டில், துள்ளும் குதிரைமேல் அமர்ந்த வீரனின் உருவம் 1936 முதல் இடம்பெற்று வருகிறது. அவ்வுருவம் மூடியில் விழுமாறு வெட்டுவதில்தான் கைவினைஞரின் கண்ணோட்டம் தெரியும்.

ஒற்றை விசைக்குரிய மூடி 2¾ அங்குல அகலமும் 4½ அங்குல உயரமும் உடையது. அளவுகோலைத் தேடுவதினும், பழைய மூடி ஒன்றைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு கீறிக்கொள்வது எளிது, பிழையும் நேராது. விசையின் பிடி வெளிவரும் நீள்சதுரத் துளைக்கு, முதலில் நான்கு மூலைகளிலும் சிறு துளையிட்டு, இடையிலுள்ளதை அறுத்தெடுத்து, அரத்தால் அராவ வேண்டும். அதன் மேலும் கீழும் 2⅜ அங்குல இடைவெளியில் திருகாணித் துளைகள் அமையும். எண்தகட்டில் எழுத்துகள் புடைத்திருத்தலால் மூடி சுவரோடு படியாது. ஓரங்களில் உள்ள புடைப்பை மட்டும் கொட்டாப்புளியால் தட்டி அடக்குவர். வெட்டிய விளிம்பு கத்தி போன்றது. அதனை மழுக்காமல் மாட்டுவது அறிவுடைமை அன்று.

இனிக் கூறுவதே தலையாயது. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே ஒரு கம்பி தளர்ந்து மூடியைத் தொடுமாயின், மூடி முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். அதன் தோற்றத்தில் ஒரு மாறுதலும் இராது. ஈரக்கையோடு தொடுபவனின் உடல் வழியாக அது நிலத்திற் பாயும். இதனைத் தடுக்கவே உலோக மூடியைப் புவியோடு இணைத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. விசையைத் தாங்கும் இரும்புச் சட்டம் புவிக்கம்பியோடு சேர்ந்திருக்கும். மூடியைப் பிணிக்கும் திருகாணி அச்சட்டத்தில் இறங்கும். அவ்வழியே மூடியும் புவித்தொடர்பு பெறுகிறது. அப்போது தளர்ந்த கம்பி தொட்டால், மின்னோட்டம் எளிய வழியிற் பெருகிப் பாய, உருகுகம்பி அறுந்து ஆபத்து நீங்கும். ஆனால் எண்தகட்டின் வண்ணப் பூச்சோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள். திருகாணித் தலை படியும் இடத்தில் அப்பூச்சைச் சுரண்டாவிடின் தொடர்பு அறுந்து போகும். மிக அழகிய மூடியும் இச்சிறு வட்டத்தில் தவறினால் பகையாகிவிடும். புவிக்கம்பியே இல்லாத பழங்கட்டடங்களில் உலோக மூடி ஆகவே ஆகாது. மூடியை மாட்டும் பணியும், முதன்மை விசையை நிறுத்திய பின்னர், பயிற்சி பெற்ற மின்பணியாளர் செய்யத்தக்கதே.

மரத்தில் இழைத்துச் செய்வோரும் உளர். மரம் உலர்ந்ததாயின் இவ்வச்சம் குறைவு. எனினும் அது தீப்பற்றும் பொருள் என்பதை மறத்தல் கூடாது.

நம் நாட்டு அமைப்பு வேறு. அமெரிக்க வீட்டு விளக்குகளுக்கு 120 வோல்ட்டு; இங்கோ 230 வோல்ட்டு. அன்றியும், நம் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் விசையானது மேற்பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அப்பலகையே மூடியும் ஆகும். கம்பிகள் இணையும் முனைகள் அதன் பின்புறத்தை ஒட்டி அமைவதால், அவ்விடத்தில் உலோகத் தகட்டை வைத்தல் தகாது. ஆதலின் நம் தச்சர் தம் கைத்திறனைப் பெட்டியிலேயே காட்டினர். மூலைகளை இடைவெளி தோன்றாமற் பொருத்தி, விளிம்பில் வரி இழைத்துச் செய்த தேக்குப் பெட்டிகளைப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் காணலாம்.