சாதாரணக் குட்டிக்கு ஏன் கூடுதல் விலை?

பால் பைத்தான், மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. மரபணு மாறி வேறு நிறமோ கோலமோ பெற்றவற்றை ‘மார்ஃப்’ என்று விற்கிறார்கள். 1992இல் அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க், அல்பினோ நிறம் வழிவழியாக வருவது என்று காட்டினார். இன்று பிரிட்டனிலும் இது பணம் புரளும் வியாபாரம். கண்ணுக்குத் தெரியும் அல்பினோக் குட்டியை வாங்குபவர் ஏமாறுவது அரிது. ‘பார்க்கத்தான் சாதாரணம், உள்ளே சரக்கு இருக்கிறது’ என்று கூடுதல் விலை சொல்லப்படும் பழுப்புக் குட்டியில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது.

அல்பினோ ஒடுங்கு மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நிறம் வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த குட்டி ‘ஹெட்’. அல்பினோவை ‘நார்மல்’ எனப்படும் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் பிறப்பவை அனைத்தும் உறுதியான ஹெட். இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று அல்பினோ. மிச்ச மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் நார்மல். அந்த மூன்றையும் பார்த்துப் பிரிக்க எவராலும் முடியாது. ஆகவே மூன்றுக்கும் ‘66% ஹெட்’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். அந்த எண் மரபணுவின் அளவு அல்ல, அது இருப்பதற்கான வாய்ப்பு. மூன்றில் ஒரு குட்டிக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண்.

இப்படி ஒரு ஜோடி வாங்கினால் இரண்டுமே ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 44 சதவீதம்தான். பெண் பாம்பு முட்டையிடும் பருவத்துக்கு வரப் பொதுவாக மூன்று ஆண்டுகள் ஆகும். இரண்டும் ஹெட்டாகவே இருந்தாலும், ஆறு முட்டை கொண்ட ஓர் ஈட்டில் ஒரு அல்பினோகூட வராமல் போக ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. ‘உங்கள் அதிர்ஷ்டம் அப்படி’ என்று விற்றவர் கைவிரிக்க இதுவே போதும்.

பேஸ்டல் என்ற மார்ஃபின் கதை வேறு. அந்த மரபணு ஒன்று இருந்தாலே நிறத்தில் தெரிந்துவிடும். பேஸ்டலுக்குப் பிறந்த நார்மல் குட்டி வெறும் நார்மல்தான். ‘பேஸ்டல் வம்சம்’ என்று அதற்கு ஒரு பவுண்டு கூடக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தலையாட்ட நோயோடு வரும் ஸ்பைடர் மார்ஃபும் அப்படியே. அதனுடன் பிறந்த நார்மல் குட்டியில் அந்த மரபணு இராது, அஞ்சவும் வேண்டாம்.

இப்போது பாம்பு உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பி, அல்பினோ உள்ளிட்ட சில மார்ஃப்களுக்கு மரபணுச் சோதனை செய்யலாம். அந்த முடிவைக் கேட்ட பிறகே விலை பேசுங்கள். சோதனை இல்லாத மார்ஃபுக்குப் பெற்றோரின் படமும், ‘உறுதியான ஹெட்’ என்ற சொல் எழுதிய ரசீதும் வேண்டும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் அவர் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். செல்லப் பிராணிக்கும் இது பொருந்தும். உடனடியாகத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் பெற 30 நாள்தான். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் உண்டு. உண்மை தெரியவே மூன்று ஆண்டுகள் பிடிக்கும் இந்த வியாபாரத்தில், ரசீதைப் பத்திரப்படுத்துவதே பெரிய பாதுகாப்பு. ‘66%’ என்று எழுதி வாங்கியவருக்கோ, குட்டி ஹெட் இல்லை என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது.

இது பிரிட்டன் கதை. இந்தியாவிலோ, பாங்காக்கிலிருந்து கடத்திவரப்பட்ட பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இந்தியாவில் இந்தப் பாம்பை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் அரசிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுத் தாள் காட்டாதவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.