மினிவேன் கதவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

ஒரு கையில் பை, இடுப்பில் குழந்தை. ரிமோட் பட்டனை அழுத்தியதும் மினிவேனின் பக்கக் கதவு தானாக நகர்ந்து திறக்கிறது. அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பழகிப்போன வசதி இது. 2020-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கியா கார்னிவலிலும் உண்டு. இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

கதவு மேலே, நடுவே, கீழே என மூன்று தடங்களில் ஓடுகிறது. பல வண்டிகளில் மின் மோட்டார் ஒன்று உருளையைச் சுழற்றும். உருளை ஒரு பக்கம் கேபிளைச் சுற்றிக்கொள்ள, மறுபக்கம் கேபிள் விடுபடும். அந்தக் கேபிள் கதவை இழுத்துச் செல்லும். கதவு கிட்டத்தட்ட மூடியதும், பூட்டில் உள்ள சிறிய மோட்டார் அதை ரப்பரோடு இறுக்கி மூடிவிடும்.

இவற்றையெல்லாம் இயக்குவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். கியர் "பி" நிலையில் இருக்கிறதா, கதவு லாக் ஆகியிருக்கிறதா என்று சோதித்த பிறகே மோட்டாருக்கு மின்சாரம் விடும். பல வண்டிகளில் பெட்ரோல் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கக் கதவு திறக்காது.

சரி, குறுக்கே குழந்தையின் கை வந்தால்? பழைய பால் மவுஸில் துளையிட்ட சக்கரம் சுழல, அதன் துடிப்புகள் எண்ணப்பட்டன அல்லவா? இங்கும் அப்படித்தான். மோட்டார் சுழலும்போது சென்ஸார் துடிப்புகளை அனுப்பும். அவற்றை எண்ணி, கதவு எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்ளும். எதிர்பாராமல் வேகம் குறைந்தால், ஏதோ தடுக்கிறது என்று முடிவு செய்து கதவைத் திருப்பி அனுப்பும். சில வண்டிகளில் கதவு விளிம்பிலேயே, அழுத்தினால் சிக்னல் தரும் ரப்பர் பட்டையும் உண்டு.

இதில் ஒரு சிக்கல். சரிவில் நிற்கும் வண்டியிலும், மண் அடைத்த தடத்திலும் கதவு மெதுவாகத்தான் போகும். அதற்கெல்லாம் திரும்பிவிடாதபடி கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே கையில் ஓரளவு அழுத்தம் விழுந்த பிறகே கதவு திரும்பும். 2022, 2023 மாடல் கார்னிவல் வண்டிகள் 51,000-க்கும் மேற்பட்டவற்றை, கதவில் சிக்கிக் காயம் ஏற்படலாம் என்பதால், 2023-இல் அமெரிக்காவில் கியா திரும்ப அழைத்தது. அதற்குத் தரப்பட்ட தீர்வு சாப்ட்வேர் அப்டேட்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* கதவு முழுவதும் மூடும்வரை குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். விரலை வைத்துச் சோதிக்க வேண்டாம்.
* கதவு பாதியில் திரும்பினால் முதலில் தடத்தில் மண், கல் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் கதவு தானாக இயங்கவில்லையா? பல வண்டிகளில் ஒருமுறை கையால் முழுதாக மூடினால் சரியாகிவிடும். கையேட்டைப் பாருங்கள்.
* கம்பெனி சாப்ட்வேர் அப்டேட் தந்தால் தள்ளிப்போட வேண்டாம்.