ட்றெயிலரின் அடி மறைப்பை வெட்டினால் திரும்ப மூடுவது எப்படி?

கோடையில் ட்றெயிலரை இழுத்துக்கொண்டு ஒன்ராறியோவின் பூங்காக்களுக்குப் போகும் குடும்பங்கள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன. ட்றெயிலர் வாங்கும்போது கட்டிலையும் அடுப்பையும் வடிவாகப் பார்ப்போம். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

எங்கள் ட்றெயிலரின் கழிவுநீர்த் தொட்டி வால்வை மாற்றிய திருத்துமிடம், அடியிலுள்ள கறுப்பு மறைப்பை வெட்டிவிட்டு, சாதாரண சாம்பல் நிற ரேப்பால் ஒட்டி அனுப்பியது. நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓடியதும் அது கழன்று தொங்கியது. பிறகு நானே படுத்திருந்து மூடினேன்.

இந்த மறைப்பு ஏன் முக்கியம்? வீதித் தண்ணீர், எலி, குளிர் மூன்றையும் அது தடுக்கிறது. பல ட்றெயிலர்களில் ஹீற்றரின் சூடான காற்றில் ஒரு பகுதி தரைக்கும் மறைப்புக்கும் இடையே போய், தொட்டிகளும் குழாய்களும் உறையாமல் காக்கிறது. துவாரம் இருந்தால் அந்தச் சூடு வெளியே போய்விடும். வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே போகும் இரவில் குழாய் உறைந்து வெடிக்கலாம். கண்ணாடிப் பஞ்சு நனைந்தால் குளிரைத் தடுக்காது. தரைப் பலகையும் உக்கும்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். ஒன்று, தேர்தல் காலத்தில் புல்வெளிகளில் நடும் பலகை போன்ற, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்ரிக் தகடு. மற்றது தடித்த துணி போன்ற பிளாஸ்ரிக் விரிப்பு.

வேலைக்கு முன்: சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். மின் இணைப்பையும் பற்றரியையும் கழற்றி, காஸ் சிலிண்டரை மூடுங்கள். உயர்த்தினால் தாங்கிகள் வைக்காமல், ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கண்ணாடி, முகமூடி, கையுறை அவசியம். எலி எச்சம் இருந்தால் உலர்ந்தபடி கூட்டாமல், கிருமிநாசினியால் நனைத்துத் துடையுங்கள்.

1. ஒழுக்கு இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். நனைந்த பஞ்சை எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். உட்பக்கம் காயும்வரை மூட வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

2. தகடு என்றால், அதே வகைத் தகட்டில் துவாரத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாகத் துண்டு வெட்டுங்கள். ட்றெயிலரின் முன்பக்கம் பார்க்கும் விளிம்பைப் பழைய தகட்டுக்கு மேலே செருகுங்கள். அப்போது ஓடும்போது காற்று அதைக் கிளப்பாது.

3. இரும்புச் சட்டம் வரும் இடத்தில், அகன்ற வோசர் போட்ட குட்டைத் திருகாணிகளால் பொருத்துங்கள். சட்டம் இல்லாத இடத்தில் பெரிய தலையுள்ள பிளாஸ்ரிக் ஆணிகளைத் தள்ளிப் பொருத்தலாம். துளைக்குமுன் மேலே காஸ் குழாய், வயர், தொட்டி இல்லை என்பதை நிச்சயப்படுத்துங்கள்.

4. இந்தத் தகட்டில் சாதாரண பசையோ சிலிக்கனோ சரியாகப் பிடிக்காது. ஆகவே பாரத்தைத் திருகாணிதான் தாங்க வேண்டும். ரேப் இடைவெளியை அடைக்க மட்டும். விரிப்பு வகைக்கு, அடி மறைப்புக்கென்றே விற்கும் அகலமான ரேப் உண்டு. எதுவானாலும் சோப்பால் கழுவி, அல்ககோலால் துடைத்து, காய்ந்தபின் அழுத்தி ஒட்டுங்கள். குளிர் நாளில் ஒட்ட வேண்டாம்.

5. குழாய்கள் வெளியே வரும் ஓட்டைகளையும் அடையுங்கள். பென்சில் நுழையும் ஓட்டையே சுண்டெலிக்குப் போதும். ஆனால் வால்வை இழுக்கும் கம்பியைச் சுற்றி ஃபோம் அடித்தால் அது இறுகிவிடும். காஸ் வெளியேற வைத்த காற்றுத் துவாரங்களையும் அடைக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது. ஒழுகினால் கீழேதான் தேங்கும்.

வால்வு இருக்கும் இடம் மறுபடியும் திறக்க வேண்டி வரும். அங்கே திருகாணியை மட்டும் கழற்றித் திறக்கும் கதவுபோல அமைத்துவிட்டால், அடுத்த தடவை வெட்டத் தேவையில்லை. முதல் பயணம் முடிந்ததும் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. திருத்தக் கொடுக்கும்போது, “மறைப்பை வெட்டுவீர்களா? எதைக்கொண்டு மூடுவீர்கள்?” என்று கேட்டு, பதிலை விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆங்கிலம் தடக்குகிறதென்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கொடுப்பவர் நாங்கள், கேட்கும் உரிமையும் எங்களுடையது.