பலகை சொன்ன வயது

தம்பி தங்கைகளே, 2016-இல் ரோம் நகரில் மெட்ரோ நிலையத்துக்காகக் குழி தோண்டினார்கள். 9 மீட்டர் ஆழத்தில் 39 அறைகள் கொண்ட படைவீரர் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் பழையது! நம் மலேசிய ஊர்களுக்கு அடியிலும் ஏதாவது இருக்குமா?

இருந்தது. 1944-இல் கிள்ளான் புக்கிட் கூடாவில் ஒரு வெண்கல முரசு கிடைத்தது. 1964-இல் பந்திங் பக்கம் கம்போங் சுங்கை லாங்கில் இன்னும் இரண்டு. இங்கே மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளை மழையும் கறையானும் தின்றுவிடும். வெண்கலம் அப்படிப் போகாது. ஈரம் பட்டால் மேலே பச்சையாகக் களிம்பு பூக்கும், அவ்வளவுதான். வீட்டுச் செம்புக் குடத்தில் அம்மா புளி போட்டுத் தேய்ப்பாரே, அதே களிம்பு! ஆனால் பழைய முரசை யாரும் அப்படித் தேய்ப்பதில்லை. அந்தப் பச்சையும் அதன் கதையில் ஒரு பகுதி.

இந்த முரசுகள் வடக்கு வியட்நாமின் டோங் சோன் மக்கள் வார்த்த வகை. அவ்வளவு தூரத்திலிருந்து இங்கே எப்படி வந்தன? வெண்கலம் செய்யச் செம்போடு வெள்ளீயமும் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ வெள்ளீயம் ஏராளம். அதைத் தேடி வந்த வணிகர்கள் முரசுகளை ஆற்றுவழியே கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். முரசின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெண்கலம் வாய் திறக்காது. ஆனால் சுங்கை லாங் முரசுகளை யாரோ ஒரு மரப்பலகைமேல் வைத்திருந்தார்கள். மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து கார்பன்-14 என்ற அணுக்களை எடுத்துக்கொண்டே இருக்கும். மரம் மடிந்ததும் வரவு நின்றுவிடும், உள்ளே இருப்பது மெல்லக் குறையும். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். எவ்வளவு மீதி என்று அளந்தால் வயது தெரியும். அந்தப் பலகை 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்று தெரிந்தது. அது மரம் மடிந்த காலம், முரசு வார்த்த காலமல்ல. இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தேசிய அருங்காட்சியகம் நடக்கும் தூரம்தான். அங்கே டோங் சோன் முரசைத் தேடுங்கள். அதன் முகத்தின் நடுவே ஒரு நட்சத்திரம் இருக்கும். அதற்கு எத்தனை கதிர்கள் என்று எண்ணி வந்து சொல்லுங்கள்.