ஏலத்தில் விலையை வகுப்பவர் யார்?

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பாலஸ்டியர் சாலையில், லிட்டில் இந்தியாவுக்கு அணித்தாகவே, சிங்கப்பூர் இந்தியர் சங்கத்தின் விளையாட்டுத் திடல் அமைந்துள்ளது. 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இருபது ஓவர் கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கான ஆசிய வட்டாரத் தகுதிப் போட்டி அத்திடலில் நடைபெற்றது. சிங்கப்பூர் அணி முதலிடம் பெற்றது. அப்போட்டியில்தான் சிங்கப்பூருக்காக முதன்முதலில் களமிறங்கினார் டிம் டேவிட் என்னும் நெட்டை இளைஞர். 1996இல் சிங்கப்பூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் ஆஸ்திரேலியா சென்று வளர்ந்தவர் அவர்.

மூன்றாண்டு நிறைவதற்குள் அவர் பெயர் இந்தியாவின் ஐ.பி.எல். ஏலத்தில் ஒலித்தது. 2022 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த அவ்வேலத்தில் அவருக்குக் குறிக்கப்பட்ட அடிப்படை விலை 40 இலட்சம் ரூபாய். மும்பை அணி அவரை எடுத்த விலையோ 8.25 கோடி ரூபாய்! 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் மீண்டும் ஏலம் நடந்தது. இம்முறை பெங்களூரு அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது.

இடைப்பட்ட காலத்தில் அவர் ஆட்டம் தேய்ந்துவிட்டதா? அவ்வாறு கூற இயலாது. அந்த ஆண்டுகளில்தான் அவர் ஆஸ்திரேலியாவின் தேசிய அணிக்கே ஆடத் தொடங்கினார். 3 கோடிக்கு அவரைப் பெற்ற பெங்களூரு அணி, 2025இல் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கோப்பையை வென்றது. ஆள் அவரே, ஆற்றலும் அதுவே. விலை மட்டும் ஏன் பாதிக்கும் கீழே இறங்கிற்று? இவ்வொரு வினாவுக்கு விடை தெரிந்தால் ஏலம் கேட்கும் கலையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சொல் தரும் குறிப்பு

'ஏலம்' என்பது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல் என்பர். ஆயின் அதனோடு சேரும் வினைகள் நம் மொழியின் சொந்த வினைகள். பொருளை விற்பவர் ஏலம் 'விடுகிறார்'. வென்றவர் ஏலம் 'எடுக்கிறார்'. இடையில் விலை கூறுவோர் ஏலம் 'கேட்கிறார்கள்'. விலையை வாய்விட்டுச் சொல்பவரைத் தமிழ் 'கேட்பவர்' என்று அழைப்பது கருதத்தக்கது. வினவுதலும் செவிமடுத்தலும் தமிழில் ஒரே சொல். ஏல அரங்கில் இவ்விரண்டும் ஒரே வேலை என்பது போகப் போகப் புலனாகும்.

விலகியவர் வகுக்கும் விலை

சிங்கப்பூரில் ஏலத்தை அறியாதார் இலர். கார் வாங்க விரும்புவோர் வாகன உரிமைச் சான்றிதழுக்கு ஏலம் கேட்கும் முறை 1990 முதல் இங்கு நடைமுறையில் உள்ளது. அதில் வென்றோர் அனைவரும் ஒரே விலையைச் செலுத்துகின்றனர். அவ்விலை யாது? தோற்றுப்போனவர்களுள் மிகுதியாகக் கேட்டவரின் தொகையினும் ஒரே ஒரு வெள்ளி கூடுதல். எவ்வளவு உயர்வாகக் கேட்டிருந்தாலும் அவ்வளவையும் கட்ட வேண்டுவதில்லை. வென்றவரின் விலையைத் தோற்றவர் வகுக்கிறார் என்பது இங்கு வெளிப்படை.

வாய்மொழியாக ஏறிக்கொண்டே போகும் ஏலத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒருவர் 20 கோடி தர மனத்தில் உறுதிகொண்டிருக்கலாம். அவருடன் போட்டியிட்டவர் 8 கோடியில் கையை இறக்கிவிட்டால், ஒரு படி ஏற்றி அவர் 8.25 கோடிக்கே பெறுகிறார். ஆகவே ஏலத்தில் முடிவாகும் விலை, வென்றவரின் ஆசையைக் காட்டுவதினும், கடைசியாக விலகியவரின் எல்லையையே பெரிதும் காட்டுகிறது. இவ்வுண்மையைக் கணித வடிவில் ஆராய்ந்து 1961இல் கட்டுரை வரைந்த வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர், 1996இல் நோபெல் பரிசு பெற்றார்.

அளவுபட்ட பணப்பை

வீரர் ஏலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வீட்டையோ நகையையோ ஏலம் எடுப்பவர் ஒரு பொருளோடு எழுந்து போய்விடலாம். அணி சேர்ப்பவர் அவ்வாறு போக இயலாது. குறித்த தொகைக்குள் குறித்த எண்ணிக்கை வீரர்களைத் திரட்டியே ஆகவேண்டும். 2024 ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் உச்ச வரம்பு 120 கோடி ரூபாய். சேர்க்க வேண்டிய வீரர் குறைந்தது 18, மிகுந்தால் 25.

இம்முறை கிரிக்கெட்டுக்கு வருமுன்பே அமெரிக்காவில் பொழுதுபோக்காக வேரூன்றியிருந்தது. 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு விளையாட்டைத் தொடங்கினர். மெய்யான பேஸ்பால் வீரர்களைக் கற்பனை அணிகளுக்கு ஏலம் எடுப்பர். அவ்வீரர்கள் திடலில் காட்டும் திறமே கற்பனை அணியின் புள்ளியாகும். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அது 'ரோட்டிசரி' ஆட்டம் எனப்பட்டது. ஒருவருக்கு 260 டாலர், 23 வீரர்கள். இவ்வளவே விதி. ஏலம் கேட்கும் உத்திகள் பல இந்த ஆட்டத்தில் பட்டைதீட்டப்பட்டன.

முதல் உத்தி எளிய கழித்தல் கணக்கு. ஒரு வீரருக்குக் குறைந்தது ஒரு டாலர் தேவை. எஞ்சிய 22 இடங்களுக்கு 22 டாலரை ஒதுக்கினால், முதல் வீரருக்குக் கேட்கக்கூடிய உச்சம் 238. இக்கணக்கைத் தனக்குப் போடுவோர் பலர். எதிரில் இருப்பவருக்கும் போடுவோர் சிலர். ஓர் அணியிடம் 3 கோடி எஞ்சியிருக்கிறது, இன்னும் நால்வர் தேவை, மிகக் குறைந்த அடிப்படை விலை 30 இலட்சம் என்று கொள்க. மூவருக்கு 90 இலட்சத்தை ஒதுக்கினால் அவ்வணி ஒருவருக்குத் தரக்கூடியது 2.10 கோடி, அதற்குமேல் அது பேசாது. இதை அறிந்தவர் 2.10 கோடிக்குமேல் ஒரு படி ஏற்றி அமைதியாக வீரரைப் பெற்றுக்கொள்வார்.

இரண்டாவது, அரங்கின் மொத்தக் கணக்கு. எல்லா அணிகளிடமும் சேர்ந்து 100 கோடி எஞ்சியிருக்கிறது. எஞ்சிய வீரர்களின் மதிப்போ, ஏலத்துக்கு முன் கணித்தபடி 80 கோடிதான் என்று கொள்க. பணம் மிகுதி, ஆள் குறைவு. 4 கோடி பெறுவார் எனக் கணித்த வீரர் அப்போது 5 கோடிக்குப் போவார். பழைய கணிப்பைப் பிடித்துக்கொண்டு "விலை மிகுதி" என்று ஒதுங்குபவர், இறுதியில் நிறைந்த பையும் வெற்று அணியுமாக நிற்பார். பணம் வற்றிய அரங்கில் இதே கணக்கு தலைகீழாகும்.

மூன்றாவது, முறைவைப்பு. அமெரிக்க ஆட்டத்தில் யார் பெயரை ஏலத்துக்குக் கொண்டுவருவது என்பது முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வரும். தேர்ந்தவர் தமக்கு வேண்டாத, பிறர் விரும்பும் பெரிய பெயர்களையே முதலில் கூறுவார். பிறர் பைகள் இளைக்கும். தாம் நாடிய வீரர் பின்னர் மலிவாக வருவார்.

சென்னை கண்ட வழி

எதிரியின் எல்லையை அறிந்து வென்றதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. 2008 பிப்ரவரி 20ஆம் நாள் மும்பையில் முதல் ஐ.பி.எல். ஏலம் நடைபெற்றது. அணி ஒன்றுக்கு வகுத்த வரம்பு 50 இலட்சம் டாலர். மும்பைக்குச் சச்சின் தெண்டுல்கர், கொல்கத்தாவுக்குச் சவுரவ் கங்குலி என்று சில அணிகளுக்கு உள்ளூர்ப் பெருவீரர் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தனர். ஏலத்தில் அவ்வணி எடுக்கும் மிக உயர்ந்த விலை எதுவோ, அதனினும் 15 விழுக்காடு மிகுதியாக அப்பெருவீரருக்கு ஊதியம் தரவேண்டும் என்பது விதி. சென்னைக்கு அத்தகைய வீரர் எவரும் ஒதுக்கப்படவில்லை. பலர் அதைக் குறையென்றே எண்ணினர்.

மகேந்திர சிங் தோனியின் பெயர் வந்தபோது அக்குறையே வலிமையாயிற்று. சென்னை அணி அவரை 15 இலட்சம் டாலருக்கு எடுத்தது. மும்பை அதே விலையைத் தந்திருந்தால், தெண்டுல்கருக்கு 17.25 இலட்சம் தரநேர்ந்திருக்கும். இருவருக்கு மட்டும் 32.25 இலட்சம், வரம்பில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். அவ்வளவு தூரம் மும்பை வர இயலாது என்பது ஏலம் தொடங்குமுன்னரே கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அந்நாளில் சென்னை அணிக்கு வீரர் தேர்வுப் பொறுப்பேற்றிருந்த வி.பி. சந்திரசேகர், தோனியை எடுப்பதில் முனைந்து நின்றார்.

மிகுதியாகக் கேட்டும் வெல்லலாம்

சில வேளை, விலை தானாக ஏறும்வரை காத்திராமல் ஒரே பாய்ச்சலாகப் பாய்வதும் உத்தியாகும். 2024 ஏலத்தில், வீரரை முன்பு வைத்திருந்த அணி இறுதி விலையைத் தானே தந்து அவரை மீட்டுக்கொள்ளும் உரிமை இருந்தது. ஆனால் அதற்குமுன் வென்றவர் ஒருமுறை விலையை உயர்த்தலாம். ரிஷப் பந்த்துக்கு லக்னோ அணி கேட்ட விலை 20.75 கோடி. டெல்லி அணி மீட்புரிமையைக் கோரிற்று. சிறிதளவு ஏற்றினால் டெல்லி ஈடுகொடுத்துவிடும் என்று கருதிய லக்னோ, 27 கோடி என்றது. டெல்லி விலகிற்று. ஐ.பி.எல். வரலாற்றில் அதுவரை காணாத விலை அது.

அத்தகைய வெற்றியில் இடரும் உண்டு. 1971இல் எண்ணெய்ப் பொறியாளர் மூவர், கடலடி எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் பல எதிர்பார்த்த இலாபம் காணாததன் காரணத்தை விளக்கினர். பத்துப் பேர் ஒரே வயலை மதிப்பிட்டால், சிலர் மிகுத்தும் சிலர் குறைத்தும் மதிப்பிடுவர். ஏலத்தில் வெல்பவரோ, பெரும்பாலும் எல்லாரினும் மிகுத்து மதிப்பிட்டவராகவே இருப்பார். வெற்றியே அவர் கணிப்புப் பிழைத்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி. ஆதலின் கைதேர்ந்தவர் அரங்கில் நுழையுமுன் தம் மதிப்பீட்டைச் சற்றுக் குறைத்து, அவ்வெல்லையைத் தாளில் எழுதிவைப்பர். போட்டிச் சூட்டில் எழும் எண்ணுக்கு அத்தாள் கடிவாளமாகும்.

வினாவுக்கு விடை

இனி டிம் டேவிட்டிடம் திரும்பலாம். 2022இல் இரண்டு புதிய அணிகள் சேர்ந்து, போட்டியிடும் பைகள் எட்டிலிருந்து பத்தாகப் பெருகியிருந்தன. ஆட்டத்தின் இறுதி ஓவர்களில் அடித்து ஆடும் மும்பையின் பொலார்டு, முப்பத்து நான்கு வயதைக் கடந்திருந்தார். அவ்வணிக்கு அவர் வழிவரக்கூடிய இளைஞர் தேவைப்பட்டார். எட்டுக் கோடிவரை விடாது கேட்ட இன்னோர் அணியும் எதிரே இருந்தது. 2024இலோ மும்பை, தன் 120 கோடியில் 75 கோடியை ஐந்து வீரர்களைத் தக்கவைப்பதற்கே செலவிட்டுவிட்டு, 45 கோடியோடு அரங்கில் நுழைந்தது. டேவிட்டின் அடிப்படை விலை 2 கோடியாக உயர்ந்திருந்தபோதிலும், 3 கோடிக்குமேல் கேட்க அன்று ஒருவரும் இலர். பெங்களூரு அணி எவ்வளவு தர எண்ணியிருந்தது என்பது பொருட்டில்லை. எதிரில் இருந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பதே அவ்விலை.

எனவே 8.25 கோடி என்பதும் 3 கோடி என்பதும் ஒரு மனிதரின் ஆற்றலுக்கு இட்ட மதிப்பெண்கள் அல்ல. அவை இரண்டு நாள்களில், இரண்டு அரங்குகளில், பிறர் பைகளில் எஞ்சியிருந்த பணத்தின் அளவுகள். விலைபோகாமல் வீடு திரும்பும் வீரரும், அவரைத் தொலைக்காட்சியில் கண்டு எள்ளும் இரசிகரும் இதனை உணர்தல் நன்று. மாணவர்க்கு இது கழித்தலும் விழுக்காடும் கற்பிக்க உதவும் நல்ல கணக்கு. அதனோடு, விலையையும் மதிப்பையும் வேறுபடுத்திப் பார்க்கவும் கற்பிக்கும்.

திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம், செயலின் வலிமையோடு தன் வலிமையையும் மாற்றானின் வலிமையையும் எடைபோட்டபின் செயலில் இறங்கச் சொல்கிறது. அதே அதிகாரத்தில்தான் வரவுக்குள் செலவை அடக்கும் அறிவுரையும் இடம்பெறுகிறது. வலிமைக்கும் பணப்பைக்கும் உள்ள உறவை வள்ளுவர் ஓரிடத்திலேயே வைத்துள்ளார். ஏல அரங்கில் உரக்க விலை கூறுபவரைவிட, அடுத்த மேசையில் குரல் எப்போது தயங்குகிறது என்று செவிகொடுப்பவரே குறைந்த விலையில் நல்ல அணியோடு எழுகிறார். அவரை 'ஏலம் கேட்பவர்' என்று தமிழ் அழைப்பது மிகப் பொருத்தமே.